நேர்சாட்சியின் மூன்றரைச் சுற்று

நேர்சாட்சியின் கடைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது வார்னிஷ் வாசனை. அடுத்துக் கண்ணில் படுவது அந்தச் சட்டை. கருகிப்போன மோட்டார்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது தொங்கும். மஞ்சள் சட்டை. அதன் முதுகில், மோட்டார் காயிலுக்குப் பூசும் பழுப்பு வார்னிஷால் 14 என்று எழுதியிருக்கும். ஒன்று ஒழுங்காக நிற்கும். நான்கு மட்டும் பஸ்ஸில் தூங்கி வழிகிறவர் மாதிரி பக்கத்தில் சாய்ந்திருக்கும். எழுதியது அவர்தான்.

மோட்டார் காயில் கட்டுவது அவர் தொழில். மிக்ஸி, தண்ணீர் பம்ப், மின்விசிறி என்று அந்தத் தெருவில் எது புகைந்தாலும் அவரிடம்தான் வரும். கருகிய செம்புக் கம்பியை உரித்துப் போட்டுவிட்டு, கைப்பிடி வைத்த சின்ன மெஷினைச் சுற்றிச் சுற்றிப் புதுக் கம்பியை ஏற்றுவார். நானூற்று இருபது சுற்று என்றால் நானூற்று இருபதுதான். ஒன்று குறைந்தால்கூட அவருக்குத் தூக்கம் வராது. எண்ணும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். திறந்து வைத்திருந்தால் வாசலில் போகிறவர்கள் சௌக்கியம் விசாரிப்பார்கள், எண்ணிக்கை காற்றோடு போய்விடும் என்பது அவர் கட்சி. கைப்பிடி ஒரே வேகத்தில்தான் சுழலும். காலையிலும் அதே வேகம், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும் அதே வேகம்.

இப்படி நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவருக்கு நேர்சாட்சி என்று பட்டம் வந்ததற்குக் காரணம் பஸ் பணிமனை அணி. டிரைவர்களும் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளுமாகச் சேர்ந்து ஆடிய கூடைப்பந்து அணி அது. வேலை முடிந்து கையில் கிரீஸோடு நேராக மைதானத்துக்கு வருவார்கள். வெளியூரிலிருந்து பளபளவென்று வந்து இறங்குகிற அணிகளெல்லாம் அவர்களிடம் மண்ணைக் கவ்விவிட்டுத்தான் ஊர் திரும்பும். ஐந்து வருஷம் அவர்கள் தோற்கவே இல்லை. அதன்பிறகு ஒரு இறுதி ஆட்டத்தோடு மொத்தமாக ஓய்வுபெற்றார்கள். இது நடந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஊரில் நாலு பேர் கூடினால் அந்தக் கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிதான் பேச்சு.

ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். பதினான்காம் நம்பர்க் கேப்டன் பாதி மைதானத்திலிருந்து பந்தை வீசுகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்த மணி அடிக்கிறது. பந்து வளையத்தின் விளிம்பில் விழுந்து, உள்ளே போகவா வெளியே போகவா என்று யோசித்தபடி சுற்றுகிறது. எத்தனை சுற்று? மூன்றரை. அப்புறம்தான் உள்ளே விழுகிறது. அந்த மூன்றரை ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்றவர்களெல்லாம் கத்திக்கொண்டிருந்தபோது நிதானமாக எண்ணிச் சொன்னவர் நம்முடைய காயில்காரர். காயில்காரர் எண்ணினால் தப்புமா? அன்றிலிருந்து அவர் நேர்சாட்சி.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், அது நிஜம். அந்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தார், அதுவும் நிஜம். அதற்கு மேல்தான் இடிக்கிறது. உற்சாகத்தில் காலைத் தட்டித் தட்டியதில், இடது கால் செருப்பு உட்கார்ந்திருந்த பலகைக்குப் பின்னால் போய்விட்டது. வாங்கி நாலு நாள்கூட ஆகாத செருப்பு. மைதானத்தில் கேப்டன் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டி முடிப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று நம்மவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பலகைக்கு அடியில் தலையை விட்டார். கேப்டன் லேஸ் கட்டுவதில் இவ்வளவு கெட்டிக்காரர் என்று யாருக்குத் தெரியும்? மணி அடித்தது, மேலே பூமி இரண்டாகப் பிளந்த மாதிரி சத்தம். தலையை இடித்துக்கொண்டு இவர் வெளியே வருவதற்குள், ஊரில் பேச்சுவார்த்தை இல்லாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ இவர் தோளை உலுக்கி, "எத்தனை சுத்து, பார்த்தீங்களா? எத்தனை சுத்து!" என்று கேட்டார். "மூணரை" என்று வாயில் வந்தது. வந்ததை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷன் இருபத்தேழு வருஷம் ஓட்டிவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னார், பெண்ணைக் கொடுத்தார்கள். கடையில் தினமும் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. பந்து விளிம்பில் சுற்றியபோது அதன் தையல் தெரிந்தது என்றார். மூன்றாவது சுற்றில் ஒரு நொடி நின்று தன்னைப் பார்த்தது என்றுகூட ஒருமுறை சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

வினை சம்பந்தி உருவத்தில் வந்தது. நேர்சாட்சியின் ஒரே மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். பஸ் அரை நிமிஷம் தாமதமாக வந்தாலும் நோட்டில் ஏற்றிவிடுகிற மனிதர். சொந்த அண்ணன் ஓட்டிய பஸ்ஸைக்கூட விட்டுவைத்ததில்லை. பணிமனை அணிமேல் உயிரையே வைத்திருந்தவர், அந்த இறுதி ஆட்டத்தை மட்டும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆட்டத்துக்குப் போய்விட்டால் பஸ்ஸை யார் அனுப்புவது? காலி பஸ்களாக அனுப்பிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாராம்.

"நான் பார்க்கலைன்னா என்ன சம்பந்தி? பார்த்த குடும்பத்துலேர்ந்து எனக்கு மருமக வர்றா. அது போதும்" என்றார் பெண் பார்க்க வந்த அன்றே. இதுவரை பதினொரு தடவை அந்தக் கதையைக் கேட்டுவிட்டார். கல்யாணத்தில் மைக் பிடித்து எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று வேறு சொல்லிவைத்திருந்தார். மகள் மட்டும், "அப்பா, மாப்பிள்ளைக்குக் கூடைப்பந்தே பிடிக்காது" என்றாள். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

அப்போதுதான் ஒரு ஆவணப்படம் இன்டர்நெட்டில் வெளிவந்தது. பணிமனை அணியின் கதை, நாலு பாகம், ஞாயிறுக்கு ஒரு பாகமாக மாலை நாலு மணிக்கு. ஊரில் பெரிய டிவி இருந்தது சலூனில். சலூன்காரர் ஞாயிறு மதியத்தோடு கத்தரியை மூடி வைத்துவிட்டு, சுழல் நாற்காலிகளையெல்லாம் டிவி பக்கம் திருப்பிப் போட்டார். இரண்டு பக்கச் சுவரிலும் மும்மூன்று கண்ணாடி இருந்ததால், எங்கே உட்கார்ந்தாலும் படம் தெரிந்தது.

முதல் பாகத்தில் பாதி நேரம் கேப்டனின் பால்ய காலம் போனது. "பந்தை எப்பப்பா காட்டுவீங்க?" என்று ரசிகர்கள் டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். கேப்டன் முதன்முதலாகப் பந்தைத் தொட்ட காட்சியில், அவசரமாக ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒருவரின் மீசையில் ஒரு பக்கம் போய்விட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபக்கத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தார். இரண்டாம் பாகத்தில் எதிரணிப் பயிற்சியாளரை நல்லவராகக் காட்டிவிட்டார்கள் என்று மருந்துக்கடைக்காரர் வெளிநடப்பு செய்தார். வெளியே நின்று ஜன்னல் வழியாக மிச்சத்தைப் பார்த்தார். மூன்றாம் பாகத்தில் கேப்டனுக்கு முழங்கால் ஆபரேஷன். சலூனில் இருந்த துண்டுகளெல்லாம் நனைந்தன. ஒவ்வொரு பாகத்துக்கும் சம்பந்தி சரியாக மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்து, நேர்சாட்சியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

மூன்றாம் பாகம் முடிந்ததும் திரையில் எழுத்து ஓடியது. அடுத்த வாரம் இறுதி ஆட்டம். இதுவரை யாரும் பார்க்காத காட்சி. கடைசிப் பந்து வளையத்தில் இருந்தபோது முதல் வரிசை ரசிகர்கள்.

சம்பந்தி துள்ளிக் குதித்தார். "உங்க முகத்தைக் காட்டப்போறாங்க சம்பந்தி! பந்தைப் பார்த்துட்டிருக்கிற முகத்தை!" என்றார். காட்டப்போவது முகத்தை இல்லை என்பது நேர்சாட்சிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அரை நிமிஷத்துக்கு அண்ணனையே நோட்டில் ஏற்றியவர், இருபத்தேழு வருஷப் பொய்யை எந்த நோட்டில் ஏற்றுவார்? பெண்ணை எடுப்பாரா? மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒரு யோசனை வந்தது. சலூன் டிவிக்கு ஒரு பழைய ஸ்டெபிலைசர் உண்டு, அது இல்லாவிட்டால் படம் ஆடும். "சத்தம் வருதே, பார்த்துத் தர்றேன்" என்று சொல்லி அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கம்பியை வெட்டிவிட்டால் முடிந்தது வேலை. மூடியைத் திறந்தார். உள்ளே எவனோ காயிலைக் கன்னாபின்னாவென்று கட்டியிருந்தான். சுற்று மேல் சுற்று ஏறி, வார்னிஷே போடாமல், பார்க்கச் சகிக்கவில்லை. "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று பல்லைக் கடித்தார். எடுத்த கட்டரைக் கீழே வைத்தார். முழுவதையும் உரித்து, கண்ணை மூடி, எண்ணி, புதிதாகக் கட்டி, இரண்டு கோட் வார்னிஷ் அடித்துக் காயவைத்துக் கொண்டுபோய் மாட்டினார். தான் எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்பது மாட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. "அண்ணே, கண்ணாடி மாதிரி தெரியுது! ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது!" என்று சலூன்காரர் குதூகலப்பட்டார். மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சலூன் கொள்ளவில்லை. மருந்துக்கடைக்காரர் சமாதானமாகி உள்ளே வந்திருந்தார். நேர்சாட்சியின் மனைவியும் வந்திருந்தாள். சம்பந்தி ஒரு படி மேலே போய், கடையிலிருந்து அந்த மஞ்சள் சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவரச் சொல்லி, டிவிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார்.

படத்தில் கேப்டன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். தலை முழுக்க நரைத்திருந்தது. "நான் எங்க பார்த்தேன்? எறிஞ்ச வேகத்துல குப்புற விழுந்துட்டேன். மூஞ்சி தரையில. பந்து மூணரை சுத்து சுத்துச்சாம். பார்த்தவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

சலூன் மொத்தமும் நேர்சாட்சி பக்கம் திரும்பியது. சம்பந்தியின் பிடி இறுகியது. "கேப்டனுக்கே நீங்கதான் சொல்லியிருக்கீங்க!" என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

அடுத்து, அன்றைக்குப் படம்பிடித்தவர் வந்தார். பந்து காற்றில் இருந்தபோது யாரோ இடித்துவிட்டதில் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பிவிட்டதாம். அதனால் அந்தப் பந்து வளையத்தில் சுற்றியதற்குப் படமே கிடையாது, ஜனங்களின் படம்தான் உண்டு என்றார். அதைப் போட்டார்கள்.

முதல் வரிசை முழுக்க எழுந்து நின்றது. எல்லார் முகமும் அண்ணாந்திருந்தது. நட்ட நடுவில், மைதானத்தைப் பார்த்தபடி, ஒரு பின்புறம். தலை பலகைக்கு அடியில். அதற்கு மேலே மஞ்சள் முதுகில், தூங்கி வழியும் நான்கோடு, 14.

சலூன்காரர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். டிவியில் ஒன்று, ஆறு கண்ணாடியிலும் ஆறு, ஆக மொத்தம் ஏழு பின்புறங்கள் சலூனைச் சுற்றி நின்றன. ஸ்டெபிலைசர் புண்ணியத்தில் கால்சட்டையின் தையல்கூடத் தெரிந்தது.

அப்புறம் மருந்துக்கடைக்காரர், "பந்தோட தையல் தெரிஞ்சுதுன்னாரே, இதானா அது?" என்றார். அவ்வளவுதான், கூரை பறந்தது. ஒருவர் நாற்காலியோடு சுழன்று சுழன்று சிரித்தார். சலூன்காரர் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக் கடித்தார்.

சம்பந்தி சிரிக்கவில்லை. மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டார். ஊர் சிரித்ததுகூட நேர்சாட்சிக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கை விலகியதுதான் வலித்தது.

அப்போது மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, செருப்பு கிடைச்சுதா?"

செருப்பு என்று யாரும் சொல்லவே இல்லை. ஆனால் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, இந்த மனுஷன் எதற்காகப் பலகைக்கடியில் தலையை விடுவார் என்று தெரியாதா?

"கிடைச்சுது" என்றார். இறுதி ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நிஜம் அதுதான்.

"அது எந்தச் செருப்பா வேணா இருக்கட்டும். அந்த மூணரை எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் சம்பந்தி. பஸ் ஏன் லேட் என்று கேட்கிற குரல்.

"வாயில வந்துச்சு."

"அது எப்படிங்க மூணரைன்னு வரும்? மூணு வரலாம். நாலு வரலாம். அரை எங்கேர்ந்து வரும்?" என்றாள் மனைவி. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தலையை உள்ள விட்டீங்க. என்ன தெரிஞ்சுது?"

நேர்சாட்சி கண்ணை மூடினார். பலகைக்கடி, புழுதி, எண்ணெய் வாசனை. மெல்ல மெல்ல வந்தது.

"காலு" என்றார். "ரெண்டாவது வரிசைக்காரங்க காலு. வரிசையா அம்பது அறுபது காலு. மணி அடிச்சுது. எல்லாக் குதிகாலும் ஒண்ணா மேல எழும்புச்சு. எழும்புச்சு, அப்படியே நின்னுச்சு. எல்லாரும் பெருவிரல்ல நிக்கிறாங்க. ஒரு கால் அசையலை. என்னமோ நடக்குது, இவங்க இறங்க மாட்டேங்குறாங்களேன்னு... நான் எண்ணினேன். மெஷின் சுத்துற மாதிரி. அது நம்ம பழக்கம், எது நின்னாலும் எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது சுத்து பாதியில இருக்கும்போது எல்லாக் குதிகாலும் தொப்புன்னு இறங்குச்சு. பலகை என் தலையில இடிச்சுது. அதான் மூணரை." கண்ணைத் திறந்து சம்பந்தியைப் பார்த்தார். "பந்தை நான் பார்க்கலை சம்பந்தி. பொய்தான். ஆனா அரையை நான் இட்டுக்கட்டலை."

சலூனில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி எழுந்தார். கதவுப் பக்கம்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் டிவிக்குக் கிட்டே போய், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் நின்ற கால்களைக் குனிந்து பார்த்தார்.

"சோதிச்சுப் பார்த்துடலாம்" என்றார். "முதல்லேர்ந்து ஓட்டுங்க. யாரும் ஆளைப் பார்க்கக் கூடாது, காலைப் பாருங்க. சம்பந்தி, நீங்க கண்ணை மூடிக்கணும். திரையைப் பார்த்தா செல்லாது. மணி அடிச்சதும் கையைச் சுத்துங்க. சத்தம் இருக்கக் கூடாது, அப்பதான் கூட்டம் கத்துறது உங்களுக்குக் கேக்காது. திரையில குதிகால் எழும்பினதும் நான் தோளைத் தட்டுறேன், அதான் மணி."

சலூன்காரர் டிவி சத்தத்தை முழுக்க நிறுத்தினார். நேர்சாட்சி சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, இல்லாத மெஷினின் இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணம் அந்தக் கைப்பிடியில் இருந்தது.

தோளில் அடி விழுந்தது.

கை சுழன்றது. கடையில் சுழலும் அதே வேகம். கைப்பிடியைப் பிடித்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது. "ஒண்ணு" என்றார். சலூனில் மருந்துக்கடைக்காரர் தன்னையறியாமல் பெருவிரலில் எழும்பினார். "ரெண்டு." சலூன்காரர் எழும்பினார். "மூணு." ரசிகர்கள் மொத்தப் பேரும், நேர்சாட்சியின் மனைவியும் சேர்த்து, குதிகாலைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றார்கள். கை மேலே ஏறி, அடுத்த சுற்றின் பாதிக்கு வந்தது.

திரையில் குதிகால்கள் இறங்கின. தடதடவென்று சலூனும் அதிர்ந்தது.

"மூணரை!" என்று அலறினார் சம்பந்தி. "எல்லாக் காலும் ஒண்ணா இறங்குச்சு! அரையிலே இறங்குச்சு! கேப்டன் பார்க்கலை, கேமரா பார்க்கலை, இவர் எண்ணியிருக்காரு!" ஓடி வந்து நாற்காலியோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "கல்யாணத்துல மைக் உங்களுக்குத்தான். பந்துக் கதை வேணாம், குதிகால் கதையைச் சொல்லுங்க." மருந்துக்கடைக்காரர் யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். சலூன்காரர் துண்டைச் சுழற்றி ஆடினார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஆட்டத்தில் பணிமனை அணி இன்னொரு முறை ஜெயித்துவிட்டது.

நேர்சாட்சி கண்ணைத் திறந்தார். திரையில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாரும் அழுகையும் சிரிப்புமாக ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பலகைக்கு அடியிலிருந்து தலையை எடுத்தபோது இருந்த அதே காட்சி. யாரோ அவர் தோளை உலுக்கி, "பார்த்தீங்களா? எப்படி இறங்குச்சு, பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள்.

அவர் தலையைச் சொறிந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் பார்க்கலைங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னொரு தடவை போடுங்க."